குமுளி வரைக்கும் போய்வந்த என் கையெழுத்து

நான் இதுவரை போயிருக்கும் ஒரே வெளிநாடு குமுளி. எங்கள் சுருளிப்பட்டியிலிருந்து கிளம்பி கம்பத்தில் பஸ் மாறினால், ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். மலைக்கு மேல் கேரள எல்லைதான், பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அங்கே பாஷை வேறு, டீயின் ருசி வேறு, பரோட்டாவுக்கு ஊற்றுகிற குழம்பு வேறு. கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் ஜிலேபியாக இருக்கும். எனக்குத் தமிழ் எழுத்தே பாதி ஜிலேபிதான் என்பதால் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

மூன்றாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் மன்னித்துப் பிரிந்தவர்கள். தொழில், திராட்சைத் தோட்டத்தில் கவாத்து. காய்ப்பு முடிந்த கொடியைக் கத்தரியால் கழித்துவிடுகிற வேலை. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பெண்டாட்டி பவுனு. பத்தாவது பாஸ். கம்பத்தில் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறாள். நடந்தது அவளுக்கு. அதனால் எதை எழுதலாம், எதைத் தாண்டிவிடலாம் என்பது அவள் முடிவு. “ஒங்களப் பத்தி எம்புட்டு வேணாலும் சொல்லிக்கங்க மாமா, ஒரு எழுத்து கொறையாம எழுதுறேன்” என்று பெரிய மனசு பண்ணியிருக்கிறாள்.

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் பிறந்தபோது பவுனுக்கு ரத்தம் நிற்கவில்லை. பிழைத்து வந்தது டாக்டர்களின் கெட்டிக்காரத்தனம். உடம்பு தேறியதும் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கொள்ளலாம் என்றார்கள். உடம்பு தேறவும் இல்லை, நாள் கூடி வரவும் இல்லை. ஒருநாள் தோட்டத்துக்கே ஒரு நர்ஸம்மா வந்து, ஆண்களுக்கான ஆபரேஷன் சுலபம், நீங்கள் பண்ணிக்கொள்ளலாமே என்று பேச ஆரம்பித்தார். பந்தலுக்கு அடியில் குனிந்தபடியே மூன்று தோட்டம் தாண்டி ஓடியவர்களில் முதல் ஆள் நான். எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு வேகமாகக் குனிந்து ஓடியதில்லை.

ஓட்டத்துக்குப் பலன் கிடைத்தது. பவுனுக்கு நாள் தள்ளிப்போனது.

“வேணாம் மாமா,” என்றாள். “போன தடவையே எமன் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போனான். இந்தத் தடவ உள்ள வந்துருவான். ரெண்டு பிள்ளைகளையும் யாரு பாக்குறது?”

அதற்கு மேல் அவள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நானும் சரி என்றேன். சரி என்று சொன்ன அதே மண்டைக்குள், மூன்றாவது பையனாக இருந்துவிட்டால் என்ற ஒரு நப்பாசையும் ஓரமாக உட்கார்ந்திருந்தது. அதை நான் வெளியே விடவில்லை. பவுனு பார்த்துவிட்டாள் என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

எதிர்வீட்டில் இருக்கிற என் ராசாத்தி அக்கா, பவுனு காபியை ஒதுக்கியதை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். அம்மா செத்த பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அக்கா. அவள் ஒன்று சொன்னால் என் வாய் என்னைக் கேட்காமலே “சரிக்கா” என்று சொல்லிவிடும்.

“மூணாவது பயதேன்டா. எனக்குத் தெரியும். வேணும்னா ஒரு எடத்துல மிசின் வச்சுப் பாத்துச் சொல்றாகளாம். பயன்னா வச்சுக்குவோம். பொட்டன்னா அப்பறம் பாப்போம்” என்றாள்.

“ரெண்டு பொட்டப்பிள்ள வெளையாடுற வீட்டுல நின்னுக்கிட்டு இப்பிடிப் பேசாதீக மதினி” என்றாள் பவுனு. அக்கா முறைத்தபடி போனாள்.

இப்போது ஏன் குமுளி என்று சொல்ல வேண்டும். கம்பத்தில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. பெரியவள் வயிற்றில் இருந்தபோது, காத்திருந்த நேரத்தில் அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைப் பற்றிய பலகை. என் தலையில் தங்கியது மூன்றே சொல்: கரு, குற்றம், சிறை. டீக்கடையிலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். “கலைச்சா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் உள்ள வச்சுருவாக.” பவுனுக்கு அந்தப் பலகை வேறு விஷயம் என்று சந்தேகம் இருந்தது. ஆனால் ஸ்டோரில் கேட்டவர்களெல்லாம் அவளையும் பயமுறுத்தினார்கள். “புருசன் கையெழுத்து இல்லாம எவளும் தொட மாட்டா.”

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடக்காது.

தமிழ்நாட்டில் லாட்டரி விற்றால் குற்றம். குமுளியில் கால் வைத்தால் அதே லாட்டரியை மேஜை போட்டுக் கூவிக் கூவி விற்கிறார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அதை வாங்கவே மலை ஏறுகிறார்கள். ஆக, எல்லையைத் தாண்டினால் குற்றம் குற்றமில்லை. லாட்டரிக்கு அப்படியென்றால் இதற்கும் அப்படித்தானே?

பவுனு என்னை வெகு நேரம் பார்த்தாள். “வேற வழியும் தெரியல. போயித்தேன் பாப்போம்” என்றாள்.

புருஷன் கையெழுத்துக்குத் தயாரானேன். அதுவரை எல்லா இடத்திலும் கைநாட்டுதான். உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் கட்டைவிரலை நீட்டினால் மரியாதை இருக்காது என்று, பூச்சிமருந்துக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம் மூன்று நாள் என் பெயரை எழுதிப் பழகினேன். சு ஒரு கொக்கி. ரு ஒரு பாம்பு. ளி வந்ததும் பேனா தடுக்கி விழும். பவுனுதான் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தாள். தனக்கு அனுமதி கொடுப்பதற்காகத் தன் புருஷனுக்கே எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அப்போது அது எங்கள் இரண்டு பேருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை.

முதல் நாள்.

குமுளியில் கவாத்து வேலை பேசப் போகிறோம் என்று அக்காவிடம் சொன்னேன். குமுளியில் திராட்சையே கிடையாது. அங்கே இருக்கிறது ஏலக்காயும் மிளகும். அக்கா, என் தலையில் வெயில் பட்டுவிட்டதா என்பது போலப் பார்த்தாள்.

லோயர் கேம்ப் தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் பவுனு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். ஒவ்வொரு வளைவிலும் நான், “இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு” என்றேன். நாலாவது வளைவில் கண்ணைத் திறக்காமலே, “நீங்க பேசுனாத்தேன் மாமா எனக்கு வாந்தி வருது” என்றாள். அதன் பிறகு நான் குரங்குகளோடு மட்டும் பேசினேன்.

குமுளியில் இறங்கியதும் புட்டும் கடலைக்கறியும். நான் இரண்டு குழல் சாப்பிட்டேன். பவுனு கட்டன்சாயா மட்டும் குடித்தாள். பால் ஊற்றாத டீக்கு அங்கே அப்படிப் பெயர். எங்கள் ஊரில் பால் ஊற்றாமல் டீ கொடுத்தால் சண்டை வரும். இங்கே அதற்கு ஒரு பெயர் வைத்து மரியாதையாகக் குடிக்கிறார்கள்.

ஒரு சின்னத் தனியார் கிளினிக். வரவேற்பில் நெற்றியில் சந்தனம் வைத்த ஒரு பெண். ஸ்டோரில் வேலை செய்து செய்து பவுனுக்கு மலையாளம் ஓடும். அந்தப் பெண் பேசப் பேச பவுனு எனக்குத் தமிழில் சொன்னாள்.

“டாக்டர் வியாழக்கெழமதேன் வருவாகளாம். வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாம்.”

நான் நெஞ்சை நிமிர்த்தி பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“அது போக, வீட்டுக்காரர் பக்கத்துப் பெரியவுக ஒருத்தரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். பின்னால பிரச்சினை வந்துறக் கூடாதாம்.”

என் பக்கத்துப் பெரியவள் என்றால் அக்கா ஒருத்திதான். மறுபடியும் பேனா பாக்கெட்டுக்குள் போனது.

“நானே ரெண்டு தடவ போடுறேன்னு சொல்லு,” என்றேன். “ஒண்ணு புருசனா, ஒண்ணு பெரியவனா.”

பவுனு அதை மொழிபெயர்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குழாயில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், வந்ததற்கு ஒரு காரியமாவது நடக்கட்டும் என்று நான் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினேன். திரும்பினால் பின்னால் நிற்கிறாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

பஸ் இல்லை. கீழே ஒரு வளைவில் லாரி குறுக்கே நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரம் கழித்து, ஒற்றை வண்டி போக வழி விட்டிருக்கிறார்கள் என்றார்கள். ஏலத்தோட்டத்து வேலை முடிந்து கீழே இறங்குகிற பெண்களை ஏற்றிய ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டோம். அந்த ஜீப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ண வேண்டுமானால் முதலில் எல்லோரும் இறங்க வேண்டும். என் மடியில் ஒரு தூக்குச்சட்டி, தோளில் யாருடையதோ முழங்கை. பவுனுக்கு மட்டும் எப்படியோ இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

எதிரே இருந்த அம்மா தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தார். பெயர் பேச்சியம்மா. பவுனை ஒரு பார்வை பார்த்தார்.

“எத்தன மாசம் ஆத்தா?”

“வாயுங்க,” என்றேன் நான் முந்திக்கொண்டு. “காலைல புட்டு சேரல.”

“ஏலே, நான் அஞ்சு பெத்தவ. வாயு எது வயிறு எதுன்னு எனக்கே சொல்றியா? ஒன்னயக் கேக்கல. அவளக் கேட்டேன்.”

ஜீப்பே சிரித்தது. பவுனு தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாதவர்களிடம் சில சமயம் சொல்லிவிட முடிகிறது.

“அதுக்கு ஏன் ஆத்தா மலையேறி வந்தீக?” என்றார் பேச்சியம்மா. “தேனிப் பெரியாசுபத்திரியில பாக்குறாகளே. என் மகளுக்கு அங்கனதேன் பாத்தாக. போலீசும் வரல, செயிலும் வரல.”

“புருசன் கையெழுத்து?” என்று கேட்டாள் பவுனு.

“அவன் திருப்பூர்ல கெடந்தான். இவதேன் போட்டா.”

“பாவமில்லையா அதெல்லாம்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“பாவமா இல்லையான்னு அவ சாமிகிட்ட அவ பேசிக்குவா. ஒன்னயத் தூது அனுப்புனாளா?” என்றார் பேச்சியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆமா, ஒனக்கு எவன் குமுளின்னு சொன்னது?”

வேறு வழியில்லாமல் லாட்டரிக் கணக்கைச் சொன்னேன். அப்புறம் எழுந்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். “லாட்டரி மாதிரின்னு வந்தானாம்ல!” என்று ஒருத்தர் சொல்ல, அதை அடுத்தவர் சொல்ல, அடிவாரத்துக் கூடலூர் வரும் வரைக்கும் அதுதான் பேச்சு. பவுனும் சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காக நான் இன்னும் நாலு மாநில எல்லை தாண்டியிருப்பேன்.

இரண்டாம் நாள்.

தேனி பஸ்ஸுக்குக் கம்பத்தில் நின்றோம். பஸ் வந்தது. கூடவே அக்காவும் வந்தாள். சின்னமனூரில் யாருக்கோ சீமந்தமாம். நேராகப் போய் பவுனு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மூன்று சீட் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குவது போல நடித்தேன்.

உத்தமபாளையம் வரைக்கும் ஊர்க்கதை. அப்புறம் அக்கா கேட்டாள்.

“எங்கிட்டு இம்புட்டுக் காலைல?”

“தேனி ஆசுபத்திரிக்கு மதினி,” என்றாள் பவுனு. “கலைக்கப் போறோம்.”

பஸ் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நானாக இருந்தால் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றிருப்பேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினாள், அதட்டினாள், கண்ணைத் துடைத்தாள். பவுனு ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பைப் பார்த்தபடி ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். “என்னால முடியாது மதினி.”

சின்னமனூரில் இறங்கும்போது அக்கா படியில் நின்று என் சட்டையைப் பிடித்தாள்.

“ஏலே தம்பி. நீ கையெழுத்துப் போடாத. நீ போடலேன்னா அவளால ஒண்ணும் செய்ய முடியாது. போட்டேன்னா என் மூஞ்சில முழிக்காத.”

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. என் வாய் சொன்னது, “சரிக்கா.”

திரும்பிப் பார்த்தேன். மூன்று சீட் முன்னால் பவுனு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னமனூரிலிருந்து வீரபாண்டி வழியாகத் தேனி வரும் வரைக்கும் அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பின்னந்தலை இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. பாக்கெட்டில் பேனா குத்திக்கொண்டே இருந்தது. போட்டால் வளர்த்தவளுக்குத் துரோகம். போடாவிட்டால் இவள் உயிர். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கைநாட்டாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பவுனு உள்ளே போனாள். கூடவே நுழையப் பார்த்த என்னை நர்ஸ் தடுத்தார். “மொதல்ல அவங்ககிட்ட தனியாப் பேசுவாங்க. கூப்பிடுறப்ப வாங்க.”

பெஞ்சில் பக்கத்தில் ராயப்பன்பட்டிக்காரர் ஒருவர். பெயர் அந்தோணி. என் வயதுதான் இருக்கும். போர்வெல் மெக்கானிக். அவர் பெண்டாட்டி பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தார். பையிலிருந்து பன் எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். பன் கொடுத்தவரிடம் என்னால் எதையும் மறைக்க முடியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் தன் பாதிப் பன்னில் ஒரு துண்டைப் பிய்த்தார்.

“எனக்கு இது தப்புன்னுதேன் படுது. எங்க கோயில்லயும் அப்பிடித்தேன் சொல்லுவாக,” என்றார். “ஒளிக்காமச் சொல்லிப்புட்டேன். கோவிச்சுக்காதீக.”

“கோவிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?”

“ஆனா எம் பொண்டாட்டி உள்ள கத்துற கத்துக்கு, அவ எடத்துல நின்னு ஒரு நிமிசம் என்னால தாங்க முடியுமான்னு நெனச்சா, கைகாலு ஒதறுது. அவுகதான தாங்குறாக.” மீதிப் பன்னை வாயில் போட்டுக்கொண்டார். “சட்டம் என்ன சொல்லுதாம்?”

“தெரியலங்க. டீக்கடைல சொன்னதுதேன் தெரியும்.”

“எனக்கும் அந்த டீக்கடைதேன்.”

அப்போது உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மேஜையில் ஒரு படிவம். பவுனு என்னைப் பார்க்கவில்லை. கை தானாகப் பேனாவை எடுத்தது. எடுத்த கை நடுவழியில் அப்படியே நின்றது. போடப்போகிறேனா, போடமாட்டேன் என்று சொல்லப்போகிறேனா என்று எனக்கே தெரியாது.

“பேனா எதுக்கு?” என்றார் டாக்டர்.

“நான் புருசனுங்க.”

“தெரியுது. பேனாவ உள்ள வைங்க. ஒங்க கையெழுத்து இதுக்கு வேண்டாம்.”

“எங்க பக்கத்துப் பெரியவுக...”

“அவங்களும் வேண்டாம். பதினெட்டு வயசு முடிஞ்ச பொம்பளைக்கு அவங்க கையெழுத்து மட்டும் போதும். மத்ததெல்லாம் நாங்க பாத்து முடிவு பண்றது.”

“இது எப்ப வந்த சட்டம்மா?”

“நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியே வந்தது.”

“அப்ப அந்த ஸ்கேன் பலக?”

“அது ஆணா பொண்ணான்னு பாக்கக்கூடாதுங்குற சட்டம். அது வேற. யாராச்சும் பாக்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லுங்க.”

அவ்வளவுதான். தலையிலிருந்து நாலு கூடைத் திராட்சையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே டெல்லியில் கிளம்பிய சட்டம், வழியில் எங்கோ பஸ் பஞ்சராகி, எங்கள் ஸ்டாப்புக்கு வந்து சேரவேயில்லை. அதன் சீட்டில் டீக்கடைப் பேச்சு உட்கார்ந்து வந்திருக்கிறது.

பவுனு படிவத்தை முழுசாகப் படித்தாள். ஒரு இடத்தில் சந்தேகம் கேட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஒரே இழுப்பு, அடியில் ஒரு கோடு. நான் மூன்று நாள் பட்ட பாட்டை அவள் மூச்சுவிடும் நேரத்தில் முடித்தாள்.

ரத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் பயமில்லை, நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார்கள். வெளியே வந்ததும் எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பஸ் ஸ்டாப்பில் பவுனு கேட்டாள்.

“அவுக கேட்டிருந்தா போட்டிருப்பீகளா?”

“மூணு நாளா எழுதிப் பழகுனேன்ல?”

“அதக் கேக்கல.”

நல்லவேளையாக பஸ் வந்தது. என் உயிரைக் காப்பாற்ற எப்போதும் ஒரு பஸ் வந்துவிடும்.

மூன்றாம் நாள்.

உள்ளே போனாள். அதே பெஞ்சு. அந்தோணி தேடி வந்து என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். “பொட்டப்பிள்ள. அவ அம்மா சாடை. தப்பிச்சுருச்சு,” என்றார். பிறகு குரலை இறக்கி, “ஒங்க வீட்டம்மா?” என்றார். உள்ளே என்று கை காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். தப்பு என்று நினைக்கிற மனுஷன், அவள் நல்லபடியாக வர வேண்டும் என்று எங்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க இடம் இருக்கிறது.

நான் பயந்த அளவுக்கு நேரம் ஆகவில்லை. கொஞ்சம் படுக்க வைத்திருந்து அனுப்பினார்கள். சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“பசிக்குது மாமா,” என்றாள்.

என் காதில் விழுந்த வார்த்தைகளிலேயே அதுதான் நல்ல வார்த்தை. பழனிசெட்டிபட்டியில் இறங்கி ஒரு கடையில் ஆட்டுக்கால் சூப்பும் இட்லியும் வாங்கினேன். ஆறு இட்லி சாப்பிட்டாள். ஏழாவதை என் தட்டிலிருந்து எடுத்தாள்.

வீட்டு வாசலில் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கையெழுத்துப் போட்டியாடா?”

“போடலக்கா. பிள்ளைக மேல சத்தியமா போடல.”

உண்மையைச் சொல்லி இவ்வளவு கம்பீரமாக நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

“பெறகு எப்பிடி?”

“அவ போட்டா. அவ கையெழுத்து மட்டும் போதுமாம். சட்டமே அப்பிடித்தேனாம்.”

“எப்பருந்து?”

“நீயும் நானும் பொறக்குறதுக்கு முன்னாலருந்து.”

அக்காவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அவளுக்கு ஆறு தடவை வயிறு நிறைந்தது. இப்போது இருப்பது ஒரே மகள். கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். சண்டை போடுவாள் என்று நினைத்து நான் பவுனை மறைத்து நின்றேன்.

“எனக்கு நாலாவது தங்குனப்ப வேணாம் வேணாம்னு அழுதேன்டா,” என்றாள் அக்கா. “எவளும் எனக்கு இதச் சொல்லலையே.”

சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். சாயங்காலம் ஒரு சட்டி நாட்டுக்கோழி ரசம் வந்தது. கொண்டுவந்தவள் அக்காதான். என்னிடம் பேசவில்லை. பவுனிடம் மட்டும், “சூட்டோட குடி. மொளகு தூக்கலாப் போட்டிருக்கேன்” என்றாள். போகும்போது வாசலில் நின்று, “அந்த ஆசுபத்திரிக்கு எந்த பஸ்ல போகணும்? நம்ம தெருவுல ஒருத்திக்குச் சொல்லணும்” என்றாள்.

இரண்டு வாரம் கழித்து.

மறுபரிசோதனைக்குப் போனோம். பவுனு நல்லா இருக்கிறாள் என்றார்கள். வெளியே வரும்போது, தோட்டத்தில் என்னை ஓடவிட்ட அதே ஆபரேஷன் பேச்சை இன்னொரு நர்ஸம்மா ஆரம்பித்தார். சுற்றிப் பார்த்தேன். குனிந்து ஓட அங்கே திராட்சைப் பந்தல் இல்லை. அதனால்தான் நின்றேன் என்று சொல்லலாம். ஆனால் அன்றைக்கு வீட்டிலேயே அரைமனசோடு குளித்து, பேனாவையும் பாக்கெட்டில் செருகிக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன்.

“பவுனு கையெழுத்து வேணுங்களா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். ஒங்க ஒடம்பு, ஒங்க கையெழுத்து.”

கொக்கி. பாம்பு. கடைசி எழுத்தில் பேனா தடுக்கியது, விழவில்லை. பவுனு எட்டிப் பார்த்தாள். அவள் கை என் முதுகில் இருந்தது. மற்றது டீ ஆறுவதற்குள் முடிந்தது. நாளெல்லாம் அடுத்தவன் கொடிக்குக் கவாத்து பண்ணியவன், தன் முறை வந்தபோது ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியதாக நர்ஸம்மா பவுனிடம் சொல்லியிருக்கிறார். நான் அதை மறுக்கிறேன். பவுனு எழுதிவிட்டாள்.

தேனியிலிருந்து கம்பத்துக்குள் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகிவிட்டேன். பவுனு எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்து, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “இந்தா வந்துருச்சு மாமா, இந்தா வந்துருச்சு,” என்றாள் ஒவ்வொரு மேட்டுக்கும்.

இந்த இடத்தில் அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். பஸ் ஸ்டாப்பில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது பஸ் எதுவும் வருவதாகவும் தெரியவில்லை.

போட்டிருக்க மாட்டேன், பவுனு. அன்றைக்கு அந்த மேஜை முன்னால் அக்கா முகம்தான் கண்ணில் நின்றது. அவர்கள் கேட்டிருந்தால், பேனாவில் மை இல்லை என்றாவது பொய் சொல்லியிருப்பேன். அந்தச் சட்டம் எழுதியவர்களுக்கு என்னை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

“தெரியும் மாமா,” என்கிறாள். அதையும் எழுதுகிறாள்.